ஆலை வாசல் கீரை

சௌசௌக் காயின் முள்ளை மேலங்கியில் தேய்த்தபடியே தோன்யா கூகா தன் கடைக்கு வந்தவரின் முகத்தைப் படிப்பார். சோடா கேட்டால் முதலில் விசாரணைதான். “கால் வீக்கம் வத்திச்சா? காலையில என்ன தின்னே?” பதில் சரியில்லையென்றால் சமைத்துத் தின்கிற கள்ளிமடல் ஒன்று பைக்குள் விழும். வேண்டாமென்று சொல்லிப் பயனில்லை. எதிர்வீட்டுக்காரி நான், முயன்று பார்த்திருக்கிறேன்.

அறுபதைத் தாண்டியவர்; ‘தோன்யா’ என்பது மூத்த பெண்களுக்கு நாங்கள் தரும் மரியாதைச் சொல். குள்ளம். கணவர் விட்டுப்போன ரப்பர் பூட்ஸில்தான் நடமாட்டம். பற்களுக்கிடையே எந்நேரமும் ஒரு கொத்துமல்லிக் காம்பு.

எங்கள் மலையூரில் மற்ற கடைகளில் வறுவல் பொட்டலமும் கோப்பை நூடுல்ஸும் சோடாவும்தான். காய் வாங்க லாரியேறிக் கீழே போகவேண்டும். சரிவில் பயிரிடும் பெண்கள் கொண்டுவருகிற கீரையையும் பூசணிப்பூவையும் வாங்கி விற்பவர் கூகா ஒருவர்தான். அவற்றைச் சோடாக் கம்பெனி கொடுத்த குளிர்ப்பெட்டியில் முன்வரிசையில் அடுக்கி, பாட்டில்களைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்.

போன கோடையில் கம்பெனி ஆள் நோர்பெர்த்தோ அதைப் பார்த்துவிட்டான்.

“பெட்டி எங்களோடது தோன்யா. எங்க பாட்டில் மட்டும்தான் இருக்கணும்.”

“பாட்டில் வாடாது தம்பி. கீரை வாடும்.”

“கீரையை எடுங்க. இல்லேன்னா பெட்டியை எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க.”

கடையில் நின்ற கொத்தனார் எலிஹியோ பதறினார். சர்க்கரை நோயில் கால்விரலொன்றை இழந்தவர் அவர். “கூகா, சில்லுனு சோடா இல்லேன்னா எனக்கு ரொட்டி எறங்காதே.”

“ஒரு விரலை எறக்கினது போதாதா உனக்கு?” என்றார் கூகா. பிறகு தானே பெட்டியைக் காலிசெய்து, மின்கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி நோர்பெர்த்தோவின் கையில் கொடுத்தார்.

கூட்டம் மறுநாளே பக்கத்துக் கடைக்குப் போயிற்று. வெயிலில் கீரை மதியத்துக்குள் துவண்டது. மிஞ்சியதைக் கோழிக்குப் போட்டார். கடையை மூடிவிடுவார் என்று நாங்களெல்லாம் நினைத்தோம். கூகா ஒரு வாரம் வெறும் கடையைக் காத்தார். காம்பை மட்டும் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு விடிகாலை, சோளம் அரைக்கும் ஆலை வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வாளியோடு வரிசையில் நிற்கிற இடம். மாவு அரைபடும்வரை யாரும் நகர முடியாது. கீரையில் பனி காயவில்லை.

“நேத்து குடுத்த கீரையில மண்ணு, கூகா,” என்றாள் மறுநாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

“மண்ணுல முளைச்சது வேற எப்படி வரும்? உன் வீட்டுக்காரன் மாதிரி மினுக்கிக்கிட்டா?”

வரிசை முழுக்கச் சிரித்தது. கேட்டவளே இரண்டு கட்டு வாங்கினாள். கூடை காலியான பிறகுதான் ஆலை ஓய்ந்தது. மழை தொடங்குவதற்குள், சரிவுப் பெண்கள் கூகாவுக்காகவே புதிதாகப் பாத்தி கட்டினார்கள். எலிஹியோகூட இப்போது மனைவியின் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு ஆலைக்கு வருகிறார். கீரையைத் திட்டிக்கொண்டே வாங்குகிறார்.

சென்ற வாரம் நோர்பெர்த்தோ மறுபடி வந்தான். “பெரிய பெட்டி தர்றோம் தோன்யா. மேல்தட்டுல உங்க கீரையை வெச்சுக்கலாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க.”

கூகா அவனை உட்காரச் சொன்னார். பப்பாளி ஒரு கீற்று அறுத்து, எலுமிச்சை பிழிந்து மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தார். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய், மூலையில் கிடந்த பீன்ஸ் மூட்டையை இரண்டு கையாலும் இழுத்து, முன்பு குளிர்ப்பெட்டியைச் செருகியிருந்த சுவர்ப் பிளக்கை மறைத்து நிறுத்தினார்.