லோகேஸ்வரனின் ஐந்து நிமிடம்

பாயான் பாருவில் எங்கள் ஃபேக்டரியின் மோல்டிங் பிரிவில், காலை வேலை தொடங்குமுன் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். முறை வந்தவர் ஓர் ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லித் தமிழிலும் மலாயிலும் பொருள் விளக்க வேண்டும். ஆங்கிலம் பழகட்டும் என்று நிர்வாகம் செய்த ஏற்பாடு. பலருக்கும் அது பல் பிடுங்குவது போல.

லோகேஸ்வரன் மட்டும் மற்றவர்களின் முறையையும் கேட்டு வாங்கிக்கொள்வார். வயது ஐம்பத்தாறு. மனைவி இறந்து மூன்று வருடம், மகள் மெல்பர்னில். காதடைப்பானோடு இயந்திரத்தருகே நின்றுவிட்டு, ஆளில்லாத அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு நாளெல்லாம் சேர்த்து அந்த ஐந்து நிமிடம்தான் பேச்சு. இது எனக்கு அப்போது தெரியாது.

"ஒன்ஸ் இன் எ புளூ மூன்னா அத்தி பூத்த மாதிரி. நம்ம மெனேஜர் சிரிப்பாரே, அது!"

"பைட் தி புல்லட்னா பல்லக் கடிச்சிக்கிட்டுத் தாங்கிக்கிறது."

"கேன்டீன் மீன் கறியவா அண்ணே?" என்பாள் வரிசையில் நிற்கும் பிரமிளா.

"அதக் கடிச்சா பல்லு மிஞ்சாது லா!"

அவர் போனதும், "சூப்பர்வைசர் ஆகணும்னு ஐஸ் வைக்கிறாரு" என்பார்கள்.

நான் அங்கே இன்ஜினியர். கூலிம் பக்கத்தில் கம்பம் எனப்படும் சிறு கிராமத்திலிருந்து வந்து, எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவன். அந்தப் பெருமை எனக்கு உண்டு. பெரியவர் தலையில் எல்லாரும் வேலையைக் கட்டுகிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு, மரபுத்தொடரும் பொருளும் தோன்றும்படி வாசலில் ஒரு மின்திரை வைக்க யோசனை சொன்னேன். மேலிடம் பாராட்டியது.

"இனிமே உங்களுக்குச் சிரமம் இல்லண்ணே."

"நல்லது தம்பி" என்றார்.

வரிசையில் நிற்பது நின்றுபோனது. மூன்றாம் வாரம் அவரே என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒரு நாளைக்கு அத அணைச்சு வைக்க முடியுமா?"

"ஏண்ணே?"

"வீட்டுல ஒண்ணு தயார் பண்ணி வச்சிருக்கேன். சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல."

மறுநாள் திரையை அணைத்துவிட்டு, எல்லாரையும் நிற்கச் சொன்னேன். பழக்கம் விட்டுப்போயிருந்தது. "ரோசாக் கா?" என்று கருந்திரையைப் பார்த்து, அது கெட்டுவிட்டதா என மலாயில் கேட்டுவிட்டு, எங்கள் பிரிவு ஸுல்கிஃப்லி நடந்தான். பிரமிளா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

லோகேஸ்வரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"பீஸ் ஆஃப் கேக். அல்வா சாப்புடுற மாதிரி, அவ்வளவு சுலபம்."

பிறகு அதையே மலாயிலும் சொன்னார். கேட்க நான் ஒருவன்தான் இருந்தேன்.