இன்ஜின் தின்ற இரும்புத்தூள்

மழை விழுந்தால் மண் மணக்கும் என்று எழுதுகிறவர்கள் யாரும் எங்கள் ஊருக்கு வந்ததில்லை என்று நினைக்கிறேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் எங்கள் ஊரில், முதல் தூறல் விழுந்ததும் எழுவது துருவின் வாடைதான். இரும்பாலைப் புகைபோக்கியிலிருந்து இறங்கும் கருந்தூள் நெற்கதிரிலும், காயப்போட்ட பாவாடையிலும், மூடிவைத்த சோற்றுப்பானையின் விளிம்பிலும் படிந்திருக்கும். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைத் தெருமண்ணில் இழுத்தால் மீசை முளைத்ததுபோல் அந்தத் தூள் ஒட்டிக்கொள்ளும். அன்று எங்களுக்கு அது விளையாட்டு. இன்று நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

"நைனா" என்று நாங்கள் அழைத்த என் அப்பாவிடம் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. பேருந்து வராத ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகளை அதில் அடைத்து ஏற்றிக்கொண்டு போய்வருவதுதான் அவருடைய பிழைப்பு. என் அக்கா ஜெயந்தியும் அதில்தான் போனாள். பன்னிரண்டாம் வகுப்பு, டீச்சராகியே தீருவது என்று பிடிவாதமாக இருந்தாள்.

ஊரைவிட்டு வெளியேறும் ஒரே சாலை ஆலையின் மதிலை ஒட்டித்தான் போனது. இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் "ஏர் ஃபில்டர்" மற்ற ஊர்களில் மாதக்கணக்கில் தாங்குமாம். எங்களுக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. நைனா அதைச் சுவரில் தட்டுவார், கருப்பாகக் கொட்டும், மறுபடி மாட்டுவார், மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி முக்கும். ஒருநாள் அடைத்துப்போன ஃபில்டரை எடுத்துக்கொண்டு ஆலைக் கேட்டுக்கே போய்க் காட்டினார். வெளியே வந்த அதிகாரி அதைக் கையில்கூட வாங்கவில்லை. "அது ரோட்டு மண்ணுய்யா. கண்ணாடிய ஏத்திக்கினு ஓட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கண்ணாடியை ஏற்றினால் இன்ஜினும் மூச்சை அடக்கிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்த ஆத்திரத்தில் வீட்டுக்கு வந்ததும் நைனா ஃபில்டரைக் கழற்றிக் குப்பையில் வீசினார். "இது இருந்தாத்தானே அடைக்குது" என்றார்.

முதலில் வண்டி பறந்தது. பானெட்டுக்குள் "உஸ்" என்று காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டோம். பிறகு ஆயில் குறையத் தொடங்கியது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது, பின்னால் நீலப்புகை விட்டது. பொதுத்தேர்வு நெருங்கிய ஒரு காலையில், பிள்ளைகளோடு மேம்பாலத்தின் பாதியில் நின்றது நின்றதுதான். இன்ஜினைப் பிரித்த மெக்கானிக் உள்ளே தொட்டுப் பார்க்கச் சொன்னார். வழவழப்பாக இருக்கவேண்டிய இடமெல்லாம் கோடுகோடாகக் கீறல். ஆயிலோடு குழைந்த தூள் உள்ளே இருந்தபடியே அரைத்துத் தள்ளியிருந்தது. "ரிங்கு, போரு அல்லாம் பூட்ச்சி. இன்னாபா, வண்டிக்கு மண்ண துன்னக் குடுத்துக்கினு இருந்தியா?" என்றார்.

புது இன்ஜினுக்கு வழியில்லை. அம்மா ஒருத்திதான் சண்டை போட்டாள். "பரிச்ச வரிக்கும் நான் கூட நடக்கறேன், அனுப்புங்க" என்றாள். நைனாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, "வயசுப் பொண்ணு லாரி ரோட்டுல நடந்தா ஊரு இன்னா பேசும்" என்று அவள் வாயை அடைத்தார். அக்கா தேர்வு எழுதவில்லை. அடுத்த வருடமே பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் பெரிய பள்ளிக்குப் போகும் வயதில் ஊருக்குப் பேருந்து வந்துவிட்டது.

ஃபில்டரைக் கழற்றிப் பெண்ணின் படிப்பைக் கெடுத்தவன் என்று ஊரே நைனாவைத் திட்டியது. கழற்றியது மடத்தனம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் ஃபில்டரை அடைக்கிற காற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் அந்த ஆலையில் வேலை பார்த்தார்கள்.

இன்று நானே கார் ஓட்டுகிறேன். நைனாவின் வண்டி காயலான் கடைக்குப் போயிற்று. மதிலை ஒட்டிய வயல்கள் பிளாட்டுகளாகிவிட்டன. அக்காவோடு போன பெண்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். ஒழியவேண்டிய தூள் மட்டும் ஒழியவில்லை.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். அவள் பரிமாறும்போது நைனா வழக்கம்போல ஆரம்பித்தார்: "நான் அந்த ஃபில்டர கழட்டாம இருந்தா நீ டீச்சராயிருப்ப, இல்லமா?" அக்கா குழம்பை ஊற்றினாள். இத்தனை வருடமாக அவர்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்கவேண்டியவர்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.