நல்ல கரண்ட் வந்த பௌர்ணமி

தொண்ணூறுகளின் நடுவில், அரிசி மில் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஆம்ப்ளிஃபையர் செய்யத் தொடங்கினேன். யாரிடமும் போய் ஆர்டர் கேட்கும் வாய் எனக்குக் கிடையாது. முதல் பெட்டியை என் மனைவியின் அண்ணன்தான் வாங்கிக்கொண்டார். அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையில் அவருக்கு இட்லிக் கடை. பௌர்ணமிக்கு அது நன்றாகப் பேசினால் பக்கத்துக் கடைக்காரர்களும் வாங்குவார்கள். பேசாவிட்டால் நான் மறுபடி மில்லுக்கு.

"மாப்ள, பெட்டி பேசலன்னா நீதான் ரோட்ல நின்னு கத்தணும்," என்றார் மச்சான். எனக்கு அது மில்லைவிடப் பயமாக இருந்தது.

பெட்டியின் உயிர் ஐந்து கால் உள்ள ஒரு சின்ன ஐ.சி. டிரான்சிஸ்டர்கள் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். சும்மா இருக்கும்போது இருபத்தெட்டு வோல்ட் வரை தாங்கும். சத்தம் போடும்போது பதினெட்டைத் தாண்டக் கூடாது. இது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கம் சாயங்காலமானால் டியூப்லைட்கூடப் பிடிக்காத அளவுக்குக் கரண்ட் கம்மி. அதற்கு ஈடாக, வோல்ட் கூடுதலாகத் தரும் கொஞ்சம் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன். மீட்டர் பதினாறு காட்டியது. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். பௌர்ணமி அன்று கூட்டத்துக்காக நல்ல கரண்ட் விடுவார்கள்.

அந்தப் பௌர்ணமிச் சாயங்காலம் மச்சான் மைக்கைப் பிடித்து, "வாங்க வாங்க, சூடான இட்..." என்றார். 'லி' வருவதற்குள் 'டப்' என்றது பெட்டி. கருகல் வாசனை. மீட்டரை வைத்தால் இருபத்து மூன்று.

"இன்னா மாப்ள, கரண்ட் கம்மின்னாலும் அழுவுற, ஜாஸ்தின்னாலும் அழுவுற. உன் பெட்டிக்கு இன்னாதான் வேணும்?"

"கொஞ்சம் இருங்க மச்சான்."

கையில் ஒரே ஒரு ஐ.சி. இருந்தது. அதை மாற்றினேன். அப்படியே விட்டால் இதுவும் போய்விடும். கடையில் எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பைக் கழற்றி, பெட்டிக்குப் போகும் ஒயரின் நடுவில் சேர்த்தேன். பெட்டி கத்தும்போது கரண்டை இழுக்கும். அப்போது பல்பு எரிந்து, தன் பங்கைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் பெட்டிக்கு விடும்.

"சூடான இட்லி!" என்றார் மச்சான். 'சூடான'வுக்கு ஒரு முறை, 'இட்லி'க்கு ஒரு முறை பல்பு மின்னியது. மலை சுற்ற வந்தவர்கள் நின்றார்கள்.

"ஐய, பல்பு பேசுது பாரு," என்று ஓர் அம்மா சிரித்துக்கொண்டே இட்லி கேட்டார். மச்சான் வேண்டுமென்றே ராகம் இழுத்தார். எட்டு மணிக்குள் மாவு தீர்ந்தது.

அந்த வாரமே நான்கு கடைக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். இம்முறை சின்ன டிரான்ஸ்ஃபார்மராகப் போட்டு, எந்தக் கரண்டுக்கும் தாங்கும்படி ஒழுங்காகச் செய்துகொடுத்தேன். முதலில் வாங்க வந்தவர் பெட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரிங்க. பல்பு எங்க?"