ஜசிந்தா வெளியேறிய வாக்கெடுப்பு

ஜசிந்தா ஜெர்மனியின் எசன் நகரில் செயற்கைப் பல் செய்யும் கூடமொன்றில் வேலை செய்பவள். மூன்று வயதில் பெற்றோருடன் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவளுக்கு இப்போது முப்பத்தொன்பது. தன் வட்டாரத்தின் கலை முயற்சிகளுக்கு அரச நிதியைப் பகிரும் குழுவின் ஏழு பேரில் அவளும் ஒருத்தி. சம்பளமில்லாத பொறுப்பு. ஆனாலும் விண்ணப்பங்களை ஓர் எழுத்து விடாமல் வாசித்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போவாள்.

அந்த வருடம் நிதியைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். மார்ச் மாதக் கூட்டத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள் மிஞ்சின. ஒன்றுக்குத்தான் இடம். ஒன்று முதியோர் இல்லத்து ஓவிய வகுப்பு. மற்றது புஷ்பராணியின் சிறுவர் நாடக வகுப்பு.

புஷ்பராணிக்கு வைத்தியசாலைச் சமையலறையில் வேலை. சனிக்கிழமைகளில் வாடகை மண்டபமொன்றில் இருபது பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கினார். அவர்களில் ஜசிந்தாவின் மகள் மிதுசாவும் ஒருத்தி.

கூட்டத்துக்கு முதல்நாள் புஷ்பராணி தொலைபேசியில், "நீர் உள்ளுக்க இருக்கிறது எங்களுக்குப் பெரிய பலம், பிள்ளை," என்றார். சொந்தப் பிள்ளை சம்பந்தப்பட்ட விண்ணப்பம் பேசப்படும்போது உறுப்பினர் அறையில் இருக்கக்கூடாது என்பது விதி. மிதுசாவைப் பற்றிக் குழுவில் எவருக்கும் தெரியாது.

விண்ணப்பத்தின் பெயரைத் தலைவி வாசித்தபோது ஜசிந்தா எழுந்தாள். கையை உயர்த்தி, தன் மகள் அங்கே படிப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கதவு சரியாகப் பொருந்தாத பழைய கட்டடம் அது. உள்ளே தலைவி கேட்ட கேள்வி தெளிவாக அவள் காதில் விழுந்தது: இது தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டுமான வகுப்பா? ஒருவருக்கும் தெரியவில்லை. தாள்களைப் புரட்டும் சத்தம். ஜசிந்தாவுக்குத் தெரியும். இருபதில் எட்டுப் பேர் சிரிய, போலந்து, ஜெர்மன் பிள்ளைகள். அதை எழுதவேண்டும் என்று புஷ்பராணிக்குத் தோன்றியிருக்கவில்லை.

அவள் கை கதவின் பிடியில் இருந்தது. ஒரு வசனம் போதும். பிடியை அழுத்தினாள், பிறகு விட்டுவிட்டாள்.

உள்ளே அழைத்தபோது முடிவு எழுதப்பட்டிருந்தது. நான்குக்கு இரண்டு. நிதி ஓவிய வகுப்புக்கு.

அவள் நேரே புஷ்பராணி வீட்டுக்குப் போய், காதில் விழுந்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

"கதவைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாமே," என்றார் புஷ்பராணி.

"ஏலாது அக்கா. அப்பிடிச் சொல்லுறதெண்டா நான் வெளிய வந்ததுக்கு அர்த்தமில்லை."

"உமக்கு அர்த்தம் இருக்கு. பிள்ளையளுக்கு மண்டபம் இல்லை."

ஏப்ரலோடு வகுப்பு நின்றது. மிதுசா ஒரு கிழமை தாயுடன் பேசவில்லை. கடையில் கண்டால் புஷ்பராணி அடுத்த வரிசைக்குள் திரும்பிவிடுவார். சரியானதைத்தான் செய்தோமா என்று ஜசிந்தா கோடை முழுவதும் தனக்குள் வாதாடினாள். ஒவ்வொரு முறையும் ஆம் என்றே விடை வந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை.

செப்டம்பரில் குழுவிலிருந்து விலகிக்கொண்டாள். புதிய விண்ணப்பப் படிவத்தோடு புஷ்பராணியின் கதவைத் தட்டினாள். புஷ்பராணி அவளை உடனே உள்ளே கூப்பிடவில்லை. படிவத்தை வாங்கி, நின்றபடியே முதற்பக்கத்தை வாசித்தார்.

"எல்லாப் பிள்ளையளையும் பற்றி எழுதவேணும்," என்றார். "உள்ள வந்து இருந்து எழுதும்."

அடுத்த மார்ச்சில் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் புஷ்பராணியே போனார். ஆறு மாதத்துக்கு நிதி கிடைத்தது. முதல் சனிக்கிழமை மண்டபத்துக்குப் பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். மற்ற ஆறு பேரும் வேறு வகுப்புகளில் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் திரும்பி வரவேயில்லை.