முன்சில்லு நிற்கும் வரை

முதலில் நான் பிரேக்கைத்தான் திட்டினேன்.

பசறைக்கு மேலே பைன் காட்டுக்குள், மலைச் சைக்கிள்காரர்களுக்காகப் புதிதாக வெட்டிய பாதை ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவேன். மற்றவர்களின் சைக்கிள்களில் முன்னும் பின்னும் ஸ்பிரிங். ஒரு விரலால் தொட்டாலே பிரேக் பிடிக்கும். என்னுடையது ஜப்பானில் ஓடித் தேய்ந்து பதுளைக்கு வந்த, முப்பது வயதான இரும்புச் சைக்கிள். ஸ்பிரிங் கிடையாது. பிரேக் பிடிக்க நான்கு விரலும் வேண்டும். அதில் அவர்களை முந்துவதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது, மறைப்பானேன்?

ஒருநாள் மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. பாதையோரப் பற்றைப் புதருக்குள் போய் விழுந்தேன். பிரேக் கட்டையை மாற்றினேன். மறு வாரமும் அதே கதை. கேபிளை மாற்றினேன். மூன்றாம் முறை, பதுளையில் சைக்கிள் திருத்தும் பாரூக் நானாவிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் முன்சில்லைச் சுழற்றிவிட்டு பிரேக்கை அமுக்கினார். சில்லு அப்படியே நின்றது.

“இப்ப நீங்க புடிங்க டீச்சர்.”

பிடித்தேன். அவர் சைக்கிளைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

“பிரேக்ல ஒரு பிழையும் இல்ல. ஒங்கட ரெண்டு விரல் சும்மா கெடக்குது. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

வலது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும். வகுப்பில் சோக்கட்டி நழுவியதையும், பூட்டில் சாவியைத் திருப்ப முடியாததையும் குளிர் என்றே நினைத்திருந்தேன். கணக்கு படிப்பிக்கிறவளுக்கு இந்தச் சின்னக் கூட்டல் தெரியவில்லை!

நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது) செய்தார்கள். அல்நார் நரம்பு (அந்த இரண்டு விரல்களுக்கும் உணர்வும் பலமும் கொண்டுபோவது) முழங்கையில் நசுங்கியிருந்தது.

“ஆறு மாசம் அந்த சைக்கிள்ல ஏறக் கூடாது. முழங்கைய நீட்டி வெச்சுப் பட்டி கட்டித் தூங்குங்க” என்றார் டொக்டர்.

“விரல் பழையபடி வருமா?”

“வரலாம். இப்ப சொல்ல முடியாது.”

உங்களுக்கும் இதே பதில் கிடைத்திருந்தால், அன்று நான் எப்படி வீடு வந்திருப்பேன் என்று தெரியும். சும்மா இரு என்றால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊறும். சட்டியைத் தேய்ப்பேன், பாதியில் விடுவேன். முற்றத்துக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். அழுவேன். இனி அந்த இறக்கத்தில் இறங்கவே முடியாதோ என்பதுதான் ஒரே பயம்.

விரல் பயிற்சி தொடங்கியதும் நானே ஒரு சோதனை கண்டுபிடித்தேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, என் கணவர் சிவா முன்சில்லைச் சுழற்றிவிடுவார். அந்த இரண்டு விரல்களால் மட்டும் நான் பிரேக்கைப் பிடிப்பேன். எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணுவோம். முதல் நாள் நாற்பது. நான்காம் மாதம் ஐந்து! டொக்டர் சொன்ன ஆறு மாதத்தை மறந்தேன். வருகிற ஞாயிறு காட்டுக்குப் போகிறேன் என்று அறிவித்தேன். சிவா குனிந்து சில்லைத் துடைக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை அவர் கடைக்குப் போயிருந்தபோது, பொறுக்க முடியாமல் இடது கையால் நானே சுழற்றிப் பிடித்தேன். பத்தொன்பது. மறுபடியும் பத்தொன்பது.

அவர் வந்ததும் வாசலிலேயே மறித்துக் கேட்டேன். “என்னங்க செஞ்சீங்க?”

“நீ தெனமும் அழுறத பாக்க முடியல. கொஞ்சம் கொஞ்சமா மெதுவா சுத்திவிட்டேன்.”

“அந்த எறக்கத்துல செத்திருப்பேங்க நான்!”

“அதத்தான் எப்பிடி சொல்றதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தேன்.”

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இப்போது எட்டாம் மாதம். சில்லை நானேதான் சுழற்றுகிறேன். சமதரையில் ஓட அனுமதி கிடைத்திருக்கிறது. இறக்கம் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. பொறுமை வந்துவிட்டதென்று நினைக்காதீர்கள், வரவில்லை. நாட்காட்டியில் நாள் எண்ணுவதை மட்டும் விட்டுவிட்டேன். போன மாதம் பதினான்கு சுற்று, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இன்று காலை சிவா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“எத்தன?”

அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைவிட அவர்தான் மெலிந்து போயிருக்கிறார்.

“ஒம்பது” என்றேன்.

சில்லு நின்றது பதினொன்றில்.