ஈரத் துணி சுற்றிய அம்மன்

எங்கள் சிற்ப வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. மதிப்பெண் போட்டு முடிந்ததும், செய்தவரே தன் கையால் அதை உடைத்துவிட வேண்டும். உடைந்த களிமண் பின்பக்கத் தொட்டிக்குப் போகும், ஊறும், அடுத்த வேலைக்குத் திரும்பி வரும். வகுப்பில் ஆளாளுக்கு ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒன்று செய்துகொண்டே போனால் எல்லாவற்றையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? பிளாஸ்டரில் வார்த்து நிரந்தரமாக வைப்பதெல்லாம் கடைசி வருடத்தில் ஒன்றிரண்டுக்குத்தான். முதல் முறை உடைக்க மனசு வராது. மூன்றாம் முறைக்குள் பழகிவிடும். இரண்டாம் வருடத்துக்கு வருவதற்குள் நான் கல்நெஞ்சுக்காரி ஆகியிருந்தேன். போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டு, சுத்தியலால் இரண்டு போடு போட்டுவிட்டு, வடாபாவ் தின்னப் போய்விடுவேன்.

இது எதுவும் வீட்டுக்குத் தெரியாது. வீடு புனேயின் ஓரத்தில், நிக்டியில். அப்பா ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். கல்யாணமான புதிதில் அவரும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வேர் பிடித்துவிட்டார்கள். ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் அம்மா, "அவ படம் வரைய படிக்கா" என்பாள். அதோடு பேச்சு சமையலுக்குப் போய்விடும். காலையில் பஸ் பிடித்துப் போய், சாயங்காலம் நகக்கண்ணில் மண்ணோடு வந்து நிற்பேன். "போய் கையக் கழுவு" என்பாள். எங்களுக்குள் கல்லூரியைப் பற்றி நடந்த உரையாடல் பெரும்பாலும் அவ்வளவுதான்.

அந்த ஆண்டு நவராத்திரிக்கு முன்னால், கலை வரலாற்று வகுப்பில் காட்டிய ஸ்லைடுகளிலிருந்து ஆளுக்கொரு சிலையைத் தேர்ந்தெடுத்து, ஒன்றரை அடி உயரத்தில் மண்ணில் செய்யச் சொன்னார்கள். நான் சோழர் காலத்து அம்மன் செப்புச் சிலை ஒன்றை எடுத்துக்கொண்டேன். "உனக்கென்ன, நீ தமிழ்ப் பெண், நூறு பார்த்திருப்பாய்" என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். உண்மை என்னவென்றால் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. விடுமுறைக்குப் போகும்போது கோயில்களில் நான் கும்பிட்ட அம்மன்கள் எல்லாம் கழுத்துவரை பட்டிலும் மாலையிலும் இருந்தவர்கள். முகமும் ஒரு கையும்தான் வெளியே தெரியும். உள்ளே இடுப்பு அப்படி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதைப் புனேயில், ஜன்னலைச் சாத்திய வகுப்பறையில்தான் தெரிந்துகொண்டேன்.

சிலை முக்கால்வாசி முடிந்திருந்தபோது, ஸ்டூடியோ கூரையில் மழைக் கசிவைச் சரிசெய்ய வேண்டும் என்று பூட்டிவிட்டார்கள். தசராவுக்கு அடுத்த திங்கட்கிழமை மதிப்பெண். வேறு வழியில்லாமல் பலகையோடு தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ரிக்ஷாவில் வீட்டுக்கு வந்தேன். "கண்பதியா?" என்று கேட்டார் ரிக்ஷாக்காரர். "தேவி" என்றேன். அதற்கப்புறம் அவர் ஒரு குழியில்கூட வண்டியை இறக்கவில்லை.

வீட்டுக் கூடத்தில் ஈரத் துணியை அவிழ்த்ததும் அம்மா பதறிவிட்டாள்.

"என்னட்டி இது? மேல ஒட்டுத்துணி இல்லாம நிக்கா?"

"சிலை அப்படித்தான்மா இருக்கும். சோழர் காலத்து ஸ்டைல்."

"ஒங்க காலேஜ்ல எல்லாப் பிள்ளையளுக்கும் இப்பிடியா காட்டுதாவ?"

கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று சிலையின் மூன்று வளைவுகளைப் பற்றி நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அம்மா பாதியிலேயே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து எனக்கு எழுத்துத் தேர்வு. காலையில் போனால் இருட்டியபிறகுதான் வர முடியும். மண் காய்ந்தால் உள்ளே இருக்கும் கம்பிக் கூட்டை இறுக்கிக்கொண்டு வெடித்துவிடும். அதனால் அம்மாவிடம், காலையும் சாயங்காலமும் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியைச் சுற்றி வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனேன். தேர்வு பயத்தில் ஓரிரு நாள் நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அது துணிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வு முடிந்த அன்று கொஞ்சம் சீக்கிரமே வந்தேன். கதவைத் திறந்ததும் ஊதுபத்தி வாசனை. என் மண் மாடல் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் முக்காலி மேல் இருந்தது. அம்மாவின் பட்டு ரவிக்கைத் துணி ஈரத்தோடு கொசுவம் வைத்துச் சுற்றியிருந்தது. தலையில் மல்லிகை, நெற்றியில் குங்குமம், காலடியில் சுண்டல். பக்கத்து வீட்டு மராத்திக்காரர், நாங்கள் காக்கூ, அதாவது சித்தி, என்று கூப்பிடுபவர், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். நான் துணியை விலக்கிப் பார்த்தேன். இரண்டு வாரம் மரக்குச்சியால் சீவிச் சீவிக் கூர்மையாக்கிய மூக்கு மழுங்கியிருந்தது. உதட்டின் ஓரம் கரைந்திருந்தது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. என்ன காரியம் செய்தாய் என்று கத்தினேன். காக்கூ நழுவிவிட்டார்.

"நீதானட்டி சொன்ன, ரெண்டு வேளையும் தண்ணி விட்டு ஈரத் துணி சுத்தணும்னு."

"தெளிக்கச் சொன்னேன்மா!"

"அம்மனுக்குத் தெளிப்பாவளா? சொம்புல எடுத்துத்தான் ஊத்துவாவ."

நான் சொன்ன பராமரிப்பையும் அவள் அறிந்த அபிஷேகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. குளிப்பாட்டு, துணி உடுத்து, மறுபடி சாயங்காலம் குளிப்பாட்டு. இப்படி அடுத்தடுத்த நாள் செய்கிறவளுக்கு அது மாடலாக எவ்வளவு நேரம்தான் இருக்கும்?

இருந்த கோபத்தில் உண்மையைப் போட்டு உடைத்தேன். திங்கட்கிழமை இது கல்லூரிக்குப் போகிறது, மார்க் போட்டதும் சுத்தியலால் அடித்துத் தொட்டியில் போட்டுவிடுவோம் என்றேன். அம்மாவின் முகம் அப்படியே வாடிவிட்டது.

"யாரு ஒடைப்பா?"

"நான்தான். செஞ்சவங்கதான் உடைக்கணும்."

"வெளக்கேத்திக் கும்பிட்டாச்சு. இவ இந்த வாசலத் தாண்ட மாட்டா."

அம்மா பொதுவாகப் பிடிவாதக்காரி இல்லை. அதனால்தான் பயந்துபோனேன். சிலை போகாவிட்டால் அந்தத் தாளில் நான் பெயில். போனால் அம்மாவின் சாமியை அவள் பெற்ற மகளே உடைப்பாள். அந்த வார இறுதி முழுக்க வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா மட்டும் இரண்டு வேளையும் அம்மனைக் குளிப்பாட்டத் தவறவில்லை. இந்த முறை விரலால் தெளித்தாள்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை மதியம் வாயைத் திறந்தார். "ஏளா, எங்க பிளாண்டுலயும் சாம்பிள் பீஸ ஒடைச்சுத்தான் பாப்போம். ஒடைச்சாத்தான் தரம் தெரியும்."

"ஒங்க போல்ட்டும் அம்மனும் ஒண்ணா?" என்று அம்மா கேட்டாள். அப்பா பேப்பருக்குள் போய்விட்டார்.

வழி சொன்னது காக்கூதான். அன்று சாயங்காலம் தயங்கித் தயங்கி வந்து, தேவியை அனுப்ப வேண்டியதுதானே, தசரா முடிந்துவிட்டதே, விசர்ஜனம் செய்துவிடுங்கள் என்றார். அம்மா வெகுநேரம் யோசித்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது என்னிடம் சொன்னாள்: "தண்ணில கரைக்கது வேற, சுத்தியல்ல அடிக்கது வேற. ஊர்ல பிள்ளையாரக் கெணத்துல போடுவோம்லா. ஒங்க டீச்சர்ட்ட கேளு. அடிக்கக் கூடாது. நானும் வருவேன்."

திங்கட்கிழமை எங்கள் ஆசிரியை சிலையைச் சுற்றிப் பார்த்தார். முகத்துக்கு ஏன் இந்தக் கதி என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். கோயில்களில் நெடுங்காலம் அபிஷேகம் கண்ட அம்மன்களுக்கு முகம் இப்படித்தான் தேய்ந்திருக்கும் என்றார். சொல்லிவிட்டு முகத்துக்கான மார்க்கைக் குறைத்தும் போட்டார். அம்மாவின் நிபந்தனையைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. "ஈர மண் சீக்கிரம் முழுதாகக் கரையாது. நன்றாகக் காயட்டும். காய்ந்ததும் அம்மாவை அழைத்து வா" என்றார்.

ஒரு வாரம் கழித்து அம்மா கல்லூரிக்கு வந்தாள். நான் அங்கே சேர்ந்த பிறகு அதுதான் முதல் முறை. நல்ல புடவை, கையில் பூப்பொட்டலம். ஆசிரியை, "யா, காக்கூ, பஸா" என்று மராத்தியில் உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை. சுவரோரம் வரிசையாக நின்ற மற்றவர்களின் சிலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் மீதிப் பேருக்கு அன்றுதான் மார்க் போட்டிருந்தார்கள். உடைப்பதற்காக நிறுத்தி வைத்தவை.

"இதெல்லாம்?"

"இன்னைக்கு உடைக்கப் போறாங்க."

"நீ இதுக்கு முன்னால செஞ்சதெல்லாம்?"

"உடைச்சாச்சு."

"எத்தன?"

"ஏழெட்டு இருக்கும். போட்டோ இருக்கும்மா, காட்டவா?" என்று போனை எடுத்தேன்.

அவள் போனை வாங்கவே இல்லை. "போட்டோவச் சுத்தி வர முடியுமாட்டி?" என்றாள். அப்புறம் தாழ்ந்த குரலில், "ஏழெட்டு செஞ்சிருக்கா. ஒண்ணக்கூட நான் பாக்கல" என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த வார இறுதி முழுக்க அவள் அம்மனுக்காகத்தான் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள் என்று நினைத்திருந்தேன். அம்மனுக்காகவும்தான். ஆனால் நான் மண்ணில் செய்த ஒன்று அவள் கண்முன்னால் முழுதாக நின்றது அதுவே முதல் தடவை. அதையும் நான் உடைக்கப் போவதாகச் சொல்லியிருந்தேன். ஸ்டூடியோவில் எல்லாரும் பார்க்க அழுதேன்.

பின்பக்கத் தொட்டிக்கு அம்மனை இரண்டு பேருமாகத் தூக்கிப் போனோம். காய்ந்ததில் இடுப்போரம் வெடிப்பு விட்டிருந்தது. அம்மா பூ வைத்து, கற்பூரம் காட்டி, ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். மெல்ல இறக்கினோம். காய்ந்த மண் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் குமிழி விட்டது. முதலில் விரல்கள், பிறகு கிரீடம், பிறகு அந்த மழுங்கிய மூக்கு. கொஞ்ச நேரத்தில் கம்பிக் கூடு மட்டும் சாய்ந்து நின்றது. இடுப்பு வளைவு அதிலும் இருந்தது. "இத எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். அடுத்த வேலைக்கு வேண்டும் என்றேன். சரி என்றாள்.

கிளம்புமுன் அவள் ஒரு காரியம் செய்தாள். சுவரோரம் இருந்த ஒவ்வொரு சிலையையும் வலமாகச் சுற்றி வந்து பார்த்தாள். எருமை, குத்துச்சண்டைக்காரன், யாரோ ஒருவரின் பாதி முடிந்த கால், ஒன்றையும் விடவில்லை. நாகாலாந்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒருத்தி, அந்த எருமையைச் செய்தவள், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அம்மா எருமையின் முதுகைத் தடவிப் பார்த்து, "அச்சா ஹை" என்றாள். அவளுக்குத் தெரிந்த இந்தியில் பாதி அதுதான்.

அடுத்த முறை உடைக்கும் நாளுக்கு அம்மா தானாகவே கிளம்பி வந்தாள். அதற்கடுத்த முறையும். அப்புறம் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. விடுதியில் இருந்தவர்களின் வீட்டார் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார்கள். மார்க் போட்ட மறுநிமிடமே சுத்தியலைத் தேடியவர்கள் இப்போது, "ஆன்ட்டி கப் ஆயேங்கி?" என்று இந்தியில் அம்மா எப்போது வருவாள் என என்னைக் கேட்டுவிட்டு, வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி வருடம் நான் அம்மாவின் தலையைச் செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. அன்று பஸ் கிடைக்காமல் தாமதமாக, வியர்வையோடு வந்து சேர்ந்தாள். வழக்கம்போல முதலில் விடுதிக்காரர்களுடையதை எல்லாம் சுற்றி வந்தாள். என்னுடையதைக் கடைசியாகத்தான் பார்ப்பாள், அது அவள் சட்டம். எதிரே வந்ததும் நின்றுவிட்டாள். யாரென்று தெரிந்துவிட்டது. ஒரு சுற்று வந்தாள். பின்னந்தலைக் கொண்டையைக் குனிந்து பார்த்தாள். இன்னொரு சுற்று வந்தாள். பிளாஸ்டரில் வார்க்க எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது, உடைக்க வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பாத்தாச்சுட்டி" என்றாள். "இனி ஒடை."