கோயிலுக்குப் போன என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரருக்கு இயேசுவை அறிமுகம் செய்துவைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சபையே அந்தப் பெருமை தனக்குத்தான் என்று இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறது.

அவர் சேத்தூரில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து, இராஜபாளையத்தில் ஒரு மில்லில் செக்யூரிட்டியாக இருக்கிறார். நான் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் தறி ஓட்டுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை மதம் மாறச் சொன்னதே இல்லை. காலையில் டிபன் பாக்ஸ் இரண்டையும் கட்டி வைத்துவிட்டு அடுப்படியிலேயே நின்று ஜெபம் செய்வேன். முதலில் மரியாதைக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு அவரும் வாய் திறந்தார்.

அவர் ஜெபம் மேலதிகாரிக்கு ரிப்போர்ட் கொடுப்பது மாதிரி இருக்கும். விறைப்பாக நிற்பார். "சாமி, இன்னைக்கு இவ தறி மக்கர் பண்ணாம பாத்துக்கிடும். எனக்கு மொழங்கால் வலி கொஞ்சம் தேவல. அம்புட்டுதான்." நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமென் சொல்வேன். அதைவிட நல்ல ஜெபத்தை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

சர்ச்சை எங்கள் பக்கம் கோயில் என்றுதான் சொல்வோம். கோயிலுக்கு நான் போவதை நிறுத்திப் பல வருடமாகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்தான் என் பிறந்த ஊர். அங்கே எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்துபோனால், அடுத்த ஞாயிறு ஆராதனையில் சபைச் செயலர் அவருடைய பெயரை வாசிப்பார். சபை முழுவதும் எழுந்து நிற்கும். அப்பா இறந்த அடுத்த ஞாயிறு நான் முன்வரிசையில் காத்திருந்தேன். கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடியின் ஓலையை வாசித்தார்கள், வாலிபர் கூட்டம் எப்போது என்று சொன்னார்கள், பாட்டுக்குப் போய்விட்டார்கள். சபைத் தேர்தலில் அப்பா அந்தச் செயலரை எதிர்த்து நின்றவர். கேட்டதற்கு, "மறந்துட்டம்மா" என்றார். நாற்பது வருடம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதரை மறந்துவிட்டாராம். அன்றைக்கு வாசல்படி இறங்கியவள், இயேசுவை மட்டும் கூட்டிக்கொண்டு இராஜபாளையத்துக்கு வந்துவிட்டேன்.

போன வருடம் பட்டாளத்துச் சிநேகிதர் ஒருவர் இவரை அதே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் அசன விருந்துக்குக் கூப்பிட்டார். சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்து, வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. சோற்றுக்குப் போனவர் பாட்டுக்குத் தங்கிவிட்டார். ஞாயிறுதோறும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார். "நீ வாரியா?" என்று கேட்பார். "நீங்க போயிட்டு வாங்க" என்பேன்.

எனக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் கிடையாது. என் அப்பாவைத் திரும்பிப் பார்க்காத பெண்கள் இவருக்குக் குழம்பு கொடுத்துவிட்டார்கள். நான் சின்ன வயதில் பாடிய கீர்த்தனைகளை இவர் குளிக்கும்போது ராகம் தப்பிப் பாடினார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் காலையில் அடுப்படியில் நின்று, "சர்வ வல்லமையுள்ள எங்கள் நல்ல ஆண்டவரே" என்று போதகரின் இழுவையோடு ஆரம்பித்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் சமையல்கட்டு ஜெபத்தையும் அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அன்றைக்கு நான் ஆமென் சொல்லவில்லை.

கம்பெனியில் பக்கத்துத் தறிக்காரியிடம் புலம்பினேன். அவள் ஆண்டாள் கோயில் தெருக்காரி. "ஏக்கா, அண்ணன் கோயிலுக்குத்தான போறாக, வேற எங்கயும் போகலையே" என்று சிரித்தாள்.

"வேற எங்கயாச்சும் போயிருந்தா முடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன். இதுக்கு என்னட்டி செய்ய?" என்றேன்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "வார ஞாயித்துக்கெழம எனக்கு ஞானஸ்நானம். நீ வரணும்."

கடைசியில் அவரை முழுசாகவே எழுதி வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன். "வாசல் வரைக்கும் வாரேன்" என்றேன்.

சொன்னபடி வாசலோடு நின்றேன். கேட்டுக்கு வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டு, அவருடைய ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தேன். சன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. பிள்ளைகள் முடிந்து பெரியவர்கள் முறை வந்தது. அவர் முன்னால் போய் விறைப்பாக நின்றார். ஞானஸ்நானம் எடுப்பவர்கள் புதுப்பெயர் ஒன்று வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். என்ன பெயர் என்று போதகர் கேட்டார். அந்தப் போதகர் ஊருக்குப் புதிது, அவருக்கு எதுவும் தெரியாது.

என் வீட்டுக்காரர் பரேடில் சொல்வதுபோல உரக்கச் சொன்னார். என் அப்பாவின் பெயர், இனிஷியலோடு.

ஒலிபெருக்கி அதைத் தெரு முழுக்கச் சொன்னது. போதகர் அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீர் ஊற்றினார். ஞானஸ்நானத்துக்குச் சபை எழுந்து நிற்கும். அப்பாவின் பெயருக்கு எல்லாரும் நின்றார்கள். அந்தச் செயலர் இன்னும் அதே முன்வரிசையில்தான் இருக்கிறார். அவரும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் பொறாமைதான் வந்தது. நான் அப்பா பெற்ற மகள், இத்தனை வருடமாகக் கோபத்தோடு வெளியே நிற்கிறேன். அந்தப் பெயரை உள்ளே கொண்டுபோகும் வழி அவருக்கல்லவா தோன்றியிருக்கிறது.

ஈரத்தலையோடு வெளியே வந்தார். "ஏட்டி, கோவமா?" என்றார். முந்தானையால் தலையைத் துவட்டிவிட்டேன், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

மறுநாள் காலை அடுப்படியில் பழைய மாதிரியே ரிப்போர்ட் கொடுத்தார். நானும் ஆமென் சொன்னேன். இப்போது ஞாயிறுதோறும் நானும் அவரோடு கோயில் வாசல் வரைக்கும் போகிறேன். அங்கே அந்தச் சனங்கள் அவரை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா இருந்தவரை நான் அவரை அப்பா என்று மட்டும்தான் கூப்பிட்டேன். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. ஊரே சொல்லும் பெயரை நான் மட்டும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல், பைக் பக்கத்தில் நிற்கிறேன்.